அமில டேங்கைப் பொறுப்பேற்கும் முன்: அரிப்பு விதிகளுக்கு ஒரு வழிகாட்டி

அமிலம் ஏற்றும் டேங்கை முதன்முதலாகப் பொறுப்பில் எடுப்பவருக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. அமிலத்தை அனுப்புபவர், அது டேங்க் உரிமையாளரின் வேலை என்பார். உரிமையாளர் ஆய்வாளரைக் கைகாட்டுவார். ஆய்வாளரோ சான்றிதழை நீட்டி, எல்லாம் இதில் இருக்கிறதே என்பார். இந்த மூன்று வாசல்களிலும் மாறி மாறி நின்ற பிறகு எழுதுகிறேன். டேங்க் வாங்கப் போகிறவர்கள், வாடகைக்கு எடுப்பவர்கள், நிறுவனத்தில் திடீரென்று இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள் ஆகியோருக்கானது இது.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பெரும்பாலானவை, ஆபத்தான சரக்குகளைக் கொண்டுசெல்வதற்கு ஐ.நா. வகுத்த மாதிரி விதிகளைத் தழுவியவை. ஐரோப்பாவில் சாலை வழிக்கு ஏ.டி.ஆர். ஒப்பந்தம், அமெரிக்காவில் 49 சி.எஃப்.ஆர். என்ற விதித்தொகுப்பு, கடல் வழிக்கு ஐ.எம்.டி.ஜி. விதிகள். எண்களை எடுத்துக்காட்டும்போது அவை எந்த விதியைச் சேர்ந்தவை என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி எந்த விதியின் கீழ் ஓடுகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. அமிலத்தின் பெயரோடு செறிவையும் எழுத்தில் வாங்குங்கள்

“கந்தக அமிலம்” என்று மட்டும் சொல்லி டேங்க் கேட்பவரிடம் பேச்சைத் தொடராதீர்கள். 98 சதவீதக் கந்தக அமிலத்தைச் சாதாரணக் கார்பன் எஃகு தாங்கும். அதே எஃகை நீர்த்த கந்தக அமிலம் வெகு வேகமாகத் தின்றுவிடும். செறிவு கூடினால் அரிப்பும் கூடும் என்று நினைத்து வருகிற புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். அடர் அமிலம் எஃகின் மேல் இரும்பு சல்ஃபேட் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அந்தப் படலமே சுவரைக் காக்கிறது. தண்ணீர் சேர்ந்தால் படலம் கரைந்துபோகும், சுவர் வெறுமையாக நிற்கும்.

விதிகளும் செறிவை வைத்தே பிரிக்கின்றன. 51 சதவீதத்துக்கு மேற்பட்ட கந்தக அமிலத்தின் ஐ.நா. எண், அதாவது ஆபத்தான சரக்கை அடையாளம் காட்டும் எண், 1830. அதற்கு உட்பட்டதும் பேட்டரி அமிலமும் 2796. பயன்படுத்திக் கழித்த கந்தக அமிலம் 1832. புகையும் கந்தக அமிலமான ஓலியம் 1831. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1789, நைட்ரிக் அமிலம் 2031, பாஸ்பாரிக் அமிலக் கரைசல் 1805, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 1790. நைட்ரிக் அமிலத்தில் 65, 70 ஆகிய இரண்டு எல்லைகளைக் கவனியுங்கள். 65 சதவீதத்தைத் தொட்டால் ஆக்சிஜனேற்றும் பொருள் என்ற கூடுதல் ஆபத்துக் குறியும் சேர்கிறது. 70 சதவீதத்தைத் தாண்டினால், ஆபத்தின் அளவைக் குறிக்கும் பேக்கிங் தொகுதியே இரண்டிலிருந்து மிகக் கடுமையான ஒன்றுக்கு மாறிவிடுகிறது.

அனுப்புபவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாள் கேளுங்கள். அதன் 9ஆம் பகுதியில் அடர்த்தி, 10ஆம் பகுதியில் எதனோடு சேரக்கூடாது என்ற விவரம், 14ஆம் பகுதியில் போக்குவரத்து வகைப்பாடு இருக்கும். ஆனால் அந்தத் தாள் பொதுவானது. “93 முதல் 98 சதவீதம்” என்று அகலமாகப் போட்டிருப்பார்கள். உங்கள் சுமைக்குரிய செறிவு, ஏற்றும்போது அதிகபட்ச வெப்பநிலை, குளோரைடு போன்ற கலப்புகள் ஆகியவற்றைத் தனிக் கடிதமாக வாங்கி வையுங்கள். பின்னால் டேங்க் சுவர் மெலிந்தது யார் பொறுப்பு என்ற சண்டை வந்தால் கையில் நிற்கிற தாள் அதுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ஒரு பொருளை 8ஆம் வகுப்பு, அதாவது அரிக்கும் பொருள் என்று வகைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. தோலை அழிக்கும் வேகம் ஒன்று. 55 டிகிரி செல்சியஸில் எஃகையோ அலுமினியத்தையோ ஆண்டுக்கு 6.25 மில்லிமீட்டருக்கு மேல் அரிப்பது மற்றொன்று. இந்த 6.25 என்ற எண்ணைத் தங்கள் டேங்குக்கு அனுமதிக்கப்பட்ட அரிப்பு அளவு என்று புரிந்துகொண்டு பேசுகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். அது பொருளை வகைப்படுத்தும் எல்லை மட்டுமே. அந்த வேகத்தில் அரித்தால் ஒரு டேங்க் ஓராண்டுகூடத் தாங்காது. அமெரிக்க விதி “டேங்கை அரிக்கும் சரக்கு” என்பதைத் தனியாகவே வரையறுக்கிறது: அனுபவத்தாலோ சோதனையாலோ சுவரின் தடிமனைக் குறைப்பதாகத் தெரியவந்த சரக்கு. ஆய்வு இடைவெளிகள் இந்த இரண்டாவது வரையறையைப் பொறுத்தே குறுகுகின்றன.

2. சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள்

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 316எல் என்று பெருமையாகச் சொல்லப்படும் எஃகையும் அது குழி குழியாகத் தின்றுவிடும். ரப்பர் லைனிங் (சுவரின் உட்புறத்தில் ஒட்டிய பாதுகாப்பு உறை) போட்ட எஃகு டேங்க், அல்லது அதற்கென வடிவமைத்த கண்ணாடியிழை பிளாஸ்டிக் டேங்க்தான் வழக்கம். அலுமினியம் பக்கம் போகவே வேண்டாம்.

நைட்ரிக் அமிலம் இதற்கு நேர்மாறு. சுமார் 65 சதவீதம் வரை 304எல் துருப்பிடிக்காத எஃகு நன்றாகத் தாங்கும். 98 சதவீத நைட்ரிக்குக் கலப்பு குறைந்த அலுமினியம் பயன்படுத்துகிறார்கள். கார்பன் எஃகுக்கோ ரப்பருக்கோ இங்கே வேலையில்லை. பாஸ்பாரிக் அமிலத்துக்கு 316எல் அல்லது ரப்பர் லைனிங். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்கும் என்பதால் சாதாரணக் கண்ணாடியிழை டேங்க் கூடாது. அந்த அமிலத்துக்குச் சிகிச்சை முறைகூட வேறு. கால்சியம் குளூக்கோனேட் ஜெல் கையில் இல்லாமல் வால்வைத் தொடக்கூடாது. அதில் அனுபவம் உள்ளவர் உடன் இல்லையென்றால் அந்தச் சுமையை முதல் ஆண்டில் ஏற்காதீர்கள்.

ரப்பர் லைனிங் டேங்க் காலியாக நிற்கிறது, அவசரத்துக்கு 98 சதவீதக் கந்தக அமிலம் ஏற்றலாமா என்று ஒருநாள் உங்களிடம் கேட்பார்கள். கூடாது. அடர் கந்தக அமிலம் ரப்பரைக் கருக்கிவிடும். ஒரே பயணத்தில் லைனிங் முழுவதும் போகும்.

சுவரோடு நிறுத்திக்கொள்ளாமல் கேஸ்கெட், வால்வு இருக்கை, குழாய் இணைப்பு, அழுத்தம் விடுவிக்கும் வால்வின் உள்பாகம் ஆகிய ஒவ்வொன்றும் எந்தப் பொருளால் ஆனது என்று ஒரு பட்டியல் எழுதி வாங்குங்கள். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) கேஸ்கெட் பெரும்பாலான அமிலங்களுக்குப் பொருந்தும். பழுதுபார்க்கும் இடத்தில் கையில் கிடைத்த ரப்பர் கேஸ்கெட்டைப் போட்டு அனுப்பிவிடும் பழக்கம் பரவலானது. பழைய கேஸ்கெட்டைக் கழற்றினால் புதியதன் பொருள் என்ன என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

3. டேங்கின் காகிதங்களைத் தகட்டோடு ஒப்பிடுங்கள்

டேங்கில் பொருத்தப்பட்ட உலோகத் தகட்டைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், தயாரித்த ஆண்டு, சுவரின் உலோகம், வடிவமைப்பு அழுத்தம், சோதனை அழுத்தம், கொள்ளளவு, லைனிங் இருந்தால் அதன் விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பிறகு கையில் வரும் ஒவ்வொரு தாளிலும் அதே வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். அலட்சியம் வேண்டாம். நான் பார்த்த ஒரு பழைய டேங்கின் லைனிங் சான்றிதழ் அழகாக முத்திரையிடப்பட்டு, அதே உரிமையாளரின் வேறொரு டேங்கின் எண்ணைத் தாங்கியிருந்தது. அதைத் திருத்தி வாங்க வாரக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. லைனிங் போட்ட பணிமனை உரிமையாளரைக் கேள் என்றது, உரிமையாளர் பணிமனையைக் கேள் என்றார்.

கேட்க வேண்டிய தாள்கள்: வடிவமைப்பு ஒப்புதல் சான்றிதழ், தயாரிப்பாளரின் தரவு அறிக்கை, கடைசி அழுத்தச் சோதனை, கடைசி உள் ஆய்வு, தடிமன் அளவீடு, லைனிங் சான்றிதழ், பழுது பார்த்த விவரம், கடைசி மூன்று சரக்குகள், கடைசிக் கழுவல் சான்றிதழ். இவற்றுள் தயாரிப்பாளரின் தரவு அறிக்கையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவர் முதலில் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது, அதில் அரிப்புக்காக விட்ட கூடுதல் எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சம் எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது இல்லாத டேங்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். இன்றைய தடிமனை அளந்து என்ன பயன், எதிலிருந்து தேய்ந்தது என்று தெரியாவிட்டால்?

கப்பலில் போகும் ஐ.நா. வகை டேங்க் கொள்கலன் என்றால் அதன் “டி” குறியீட்டைப் பாருங்கள்; டேங்க் எந்தச் சரக்குகளுக்குத் தகுதியானது என்பதைச் சொல்வது அது. 1830க்கும், பேக்கிங் தொகுதி இரண்டில் வரும் 1789க்கும் டி8 தேவை. டி8 வகையில் டேங்கின் அடியில் திறப்பு அனுமதி இல்லை. சந்தையில் மிக எளிதாகக் கிடைப்பது டி11. சோதனை அழுத்தம் அதில் அதிகம், ஆகவே அது போதும் என்று முகவர் வாதாடுவார். டி11க்கு அடித்திறப்பு அனுமதி இருப்பதால் அது டி8க்கு மாற்றாகாது. எண் பெரியதாக இருப்பது மட்டும் தகுதி ஆகிவிடாது.

4. தடிமன் அளவீட்டை நீங்களே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

லைனிங் இல்லாத, டேங்கை அரிக்கும் சரக்கு ஏற்றும் டேங்குக்கு அமெரிக்க விதிப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மீயொலிக் கருவியால் தடிமன் அளக்க வேண்டும். கருவி 0.05 மில்லிமீட்டர் வரை துல்லியம் காட்ட வேண்டும். எங்கெங்கே அளக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது: அடிப்பகுதியின் நடு, திறப்புகளின் அருகில், வெல்டிங் இணைப்புகளைச் சுற்றி, சரக்கு தேங்கி நிற்கும் குழாய்களைச் சுற்றி, வலுவூட்டும் பட்டைகளின் ஓரம், சஸ்பென்ஷனும் இழுவை வண்டி இணைப்பும் பற்றவைக்கப்பட்ட இடங்கள், ஏற்கெனவே மெலிந்ததாகத் தெரிந்த இடங்கள், திரவத்தின் மேல்மட்டம் வழக்கமாக நிற்கும் கோடு.

கடைசியாகச் சொன்ன அந்தக் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். காலியாகத் திரும்பும் டேங்கில் ஒட்டியிருக்கும் அமிலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மேற்பரப்பில் மெல்லிய நீர்த்த அடுக்கு உண்டாகும். அந்த அடுக்கு சுவரைத் தொடும் இடத்தில் அரிப்பு வேகமெடுக்கும். கந்தக அமில டேங்கில் இன்னொன்றும் நடக்கும்: அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் குமிழிகள் சுவரோடு ஒட்டி மேலேறும்போது பாதுகாப்புப் படலத்தைக் கீறிக்கொண்டே போகும். உள் ஆய்வுக்குப் போகும்போது மேன்ஹோல் கழுத்தின் உட்புறத்தில் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சேற்றில் விரலால் இழுத்த கோடுகள்போல மேல்நோக்கிப் பள்ளங்கள் தெரிந்தால் அதுதான் இது. நேர் வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது; சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும். பக்கவாட்டுச் சுவரில் மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதித் தரும் அறிக்கைகளில் இந்த இடம் இருக்கவே இருக்காது.

இப்போது கணக்கு. சுவர் முதலில் 8.0 மில்லிமீட்டர், அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சம் 6.4 என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்குப் பின் பக்கச் சுவர் 7.2. ஆண்டுக்கு 0.2 தேய்ந்திருக்கிறது; மிச்சம் 0.8, ஆக இன்னும் நான்கு ஆண்டு. அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்தச் சராசரிதான் பளிச்சென்று தெரியும். மூன்றாம் பக்கத்து அட்டவணையில், மேன்ஹோல் அருகில் 6.9 என்று ஒரு புள்ளி. அங்கே ஆண்டுக்கு 0.275 தேய்ந்திருக்கிறது, மிச்சம் 0.5, இரண்டு ஆண்டுகூட இல்லை. டேங்கின் ஆயுளை மிக மெலிந்த புள்ளியை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அமெரிக்க விதியில் இன்னொரு படி உண்டு. குறைந்தபட்சத் தடிமனோடு, முதலில் விட்ட அரிப்புக் கூடுதலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வரும் அளவுக்குக் கீழே போனால், இரண்டு ஆண்டு இடைவெளி ஓராண்டாகக் குறையும். நம் எடுத்துக்காட்டில் கூடுதல் 1.6, அதில் ஐந்தில் ஒன்று 0.32, எல்லை 6.72. அந்தப் புள்ளி இதே வேகத்தில் தேய்ந்தால் எட்டு மாதத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். டேங்க் விற்பவர் “ஆய்வுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது” என்று சொல்லும்போது இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பாருங்கள்.

அளவீட்டு அறிக்கையில் புள்ளிகளின் வரைபடம் இருந்தே ஆக வேண்டும். போன முறை அளந்த அதே இடத்தில்தான் இந்த முறையும் அளந்தார்களா என்பது தெரியாவிட்டால் தேய்மான வேகம் என்ற எண்ணுக்கே அர்த்தமில்லை. ஒரு முறை தடிமன் கூடியிருப்பதாக அறிக்கை வந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கருவி சரிபார்க்கப்படவில்லை, அல்லது இடம் மாறிவிட்டது. மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

5. லைனிங் உள்ள டேங்குக்குத் தனிச் சோதனை

அமெரிக்க விதியில் லைனிங் ஆய்வு ஆண்டுக்கு ஒருமுறை. ரப்பர் லைனிங்கை உயர் அதிர்வெண் தீப்பொறிக் கருவியால் சோதிப்பார்கள். கம்பியை லைனிங் மேல் நகர்த்திக்கொண்டே போகும்போது ஊசித்துளை இருக்கும் இடத்தில் தீப்பொறி பளிச்சென்று எஃகுக்குப் பாயும். அமிலத்துக்கு அந்த ஊசித்துளை போதும். லைனிங்குக்கும் எஃகுக்கும் நடுவே புகுந்து, வெளியே தெரியாமல் சுவரைத் தின்னும்.

சோதனையின்போது உடனிருங்கள். உட்புறம் முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பொய்யான பொறி வரும். மின்னழுத்தம் லைனிங்கின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்; அளவு மீறினால் கருவியே துளை போட்டுவிடும். அறிக்கையில் மின்னழுத்தம் எழுதப்படவில்லை என்றால் சோதனை நடந்ததற்கு மதிப்பில்லை. குறை தெரிந்த இடத்தில் லைனிங்கை உரித்து, அடியில் உள்ள எஃகைப் பார்த்து, அரித்திருந்தால் தடிமன் அளந்த பிறகே மேலே ஒட்டுப் போட வேண்டும். நேராக ஒட்டுப் போட்டு மூடிவிடும் பணிமனைகளை விட்டு விலகுங்கள்.

லைனிங் உள்ள டேங்கின் வெளிச்சுவரில் எக்காரணத்துக்கும் வெல்டிங் கூடாது. ஏணி உடைந்தது, பலகை தொங்குகிறது என்று வெளியே ஒரு சின்னப் பற்றவைப்பு போட்டால் உள்ளே ரப்பர் வெந்துவிடும். இதை டேங்கின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது.

6. ஏற்றும் அளவைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

98 சதவீதக் கந்தக அமிலம் ஒரு லிட்டர் சுமார் 1.84 கிலோ. 20,000 லிட்டர் டேங்கை நிரப்பினால் 36 டன்னைத் தாண்டிவிடும். வண்டி 20 டன்தான் தாங்கும் என்றால் சுமார் 10,870 லிட்டரோடு நிறுத்த வேண்டும். அது டேங்கில் 54 சதவீதம். இங்கேதான் பொறி இருக்கிறது. 7,500 லிட்டருக்கு மேற்படாத பிரிவுகளாக டேங்க் தடுக்கப்படாவிட்டால் 20 சதவீதத்துக்கு மேல், 80 சதவீதத்துக்குக் கீழ் நிரப்பி ஓட்டக்கூடாது என்பது ஐ.நா. விதியிலும் ஏ.டி.ஆரிலும் உண்டு. பாதி நிரம்பிய திரவம் பிரேக் போடும்போது மொத்தமாக முன்னால் பாய்ந்து வண்டியைக் கவிழ்த்துவிடும்.

ஆக, எடை வரம்புக்குள் வந்தால் நிரப்பு விதியை மீறுகிறீர்கள், நிரப்பு விதிக்குள் வந்தால் எடையை மீறுகிறீர்கள். வழி இரண்டுதான்: இரண்டு தடுப்புத் தகடுகள் கொண்ட டேங்க், அல்லது 13,000 லிட்டர் அளவில் சிறிய டேங்க். பெட்ரோலியப் பொருளுக்குச் செய்த பெரிய டேங்கை மலிவாக வாங்கி அமிலத்துக்கு மாற்றலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தடுப்புத் தகடு வைத்தால் அரிப்பு ஆய்வுக்கு வெல்டிங் கோடுகள் கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மேல் எல்லையும் உண்டு. 1830, 1789 போன்றவற்றுக்கு ஐ.நா. டேங்க் கொள்கலனில் 95 சதவீதத்தை அடிப்படையாகக் கொண்ட சூத்திரம் பொருந்தும். வெப்பத்தில் விரிவதற்கு இடம் விட்டு, 30 டிகிரியில் கந்தக அமிலம் ஏற்றினால் 94 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற அளவில் விடை வரும்.

7. கழுவுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்

சுத்தமாக இருக்கட்டும் என்று கந்தக அமிலக் கார்பன் எஃகு டேங்கைப் பயணத்துக்குப் பயணம் கழுவுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஒவ்வொரு கழுவலிலும் அமிலம் நீர்த்து, படலம் போய், எஃகு தேய்கிறது. ஒரே செறிவுக்கு ஒரே டேங்கை ஒதுக்கி, மூடியை இறுக மூடி, ஆய்வுக்காக மட்டும் கழுவுவதே சரியான நடைமுறை.

கழுவத்தான் வேண்டுமென்றால் அமிலத்தைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊற வைப்பதுதான் மிக மோசமான வழி. நீர்த்த அமிலம் எஃகோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும். மேன்ஹோலைத் திறந்து வைத்து, நிறையத் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி, உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். பிறகு சோடா சாம்பல் (சோடியம் கார்பனேட்) கரைசலால் நடுநிலைப்படுத்துவார்கள். அப்போது கார்பன் டை ஆக்சைடு வரும், டேங்கின் அடியில் தேங்கும். ஆகவே ஆள் இறங்கும் முன் ஆக்சிஜன், எரிவாயு அளவு இரண்டையும் கருவியால் பார்க்காமல் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அருகில் வெல்டிங், புகைபிடித்தல், சாதாரணக் கைவிளக்கு எதுவும் கூடாது. கழுவி முடித்ததும் சூடான காற்றால் உலர்த்தி, அன்றே மூடுங்கள். ஈரத்தோடு இரவு முழுவதும் விட்டால் காலையில் உள்ளே துரு பூத்திருக்கும்.

கழுவல் சான்றிதழில் முந்தைய சரக்கு, கழுவிய முறை, தேதி, டேங்க் எண் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவாத காலி டேங்க் விதியின் கண்ணில் நிரம்பிய டேங்க்தான். ஆபத்துப் பலகையைக் கழற்றக்கூடாது, ஆவணத்தில் “காலி, கழுவப்படாதது” என்று எழுத வேண்டும்.

8. ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும்

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஆட்சிசன் நகரில் டேங்கரிலிருந்து இறக்கிய கந்தக அமிலம் தவறான குழாய் வழியே சோடியம் ஹைப்போகுளோரைட் டேங்குக்குள் போனது. குளோரின் கலந்த மேகம் எழுந்து, 140க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி தேட வேண்டியதாயிற்று. பக்கத்துப் பக்கத்தில் இருந்த, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இணைப்புகள் இதில் பெரும் பங்கு வகித்தன. இறக்கும் முன் இணைப்பின் பெயர்ப்பலகையை ஆலைப் பணியாளரும் ஓட்டுநரும் சேர்ந்து படித்து, இருவரும் கையெழுத்திடும் ஒரு தாளை நீங்களே தயாரித்துக் கொடுத்துவிடுங்கள். ஆலையில் அப்படி ஒரு வழக்கம் இல்லையென்றாலும் உங்கள் ஓட்டுநர் கேட்கட்டும்.

காற்றழுத்தத்தால் இறக்குவதானால் காற்று உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈரக் காற்றை டேங்குக்குள் செலுத்துவது மேலே சொன்ன அரிப்பை விலைக்கு வாங்குவது. அழுத்தம் தகட்டில் உள்ள எல்லையைத் தாண்டக்கூடாது. அவசர நீர்த்தூவி எங்கே இருக்கிறது என்று பார்த்து, திறந்தும் பார்த்த பிறகே குழாயை மாட்டுங்கள். முடிந்ததும் மேன்ஹோலைச் சுற்றி வழிந்த அமிலத்தைக் கழுவித் துடைப்பது அழகுக்காக அல்ல. அது வழிந்து தாங்கிகளுக்கும் வெப்பக் காப்புறைக்கும் அடியில் புகுந்து வெளியிலிருந்து அரிக்கும்.

9. வண்டியில் இருக்க வேண்டியவை

போக்குவரத்து ஆவணத்தில் வரிசை மாறக்கூடாது: ஐ.நா. எண், சரியான பெயர், வகுப்பு, பேக்கிங் தொகுதி. எடுத்துக்காட்டாக, “ஐ.நா. 1830, கந்தக அமிலம், 8, இரண்டு”. பெயரை வணிகப் பெயராகப் போட்டால் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியதுதான். எட்டாம் வகுப்பு ஆபத்துப் பலகை ஒரு பக்கம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஏ.டி.ஆர். நாடுகளில் ஆரஞ்சுப் பலகையில் மேலே ஆபத்து எண் 80, கீழே ஐ.நா. எண் 1830 வரும். ஓட்டுநரின் பயிற்சிச் சான்றிதழ், அவசரகால எழுத்து வழிமுறை, டேங்க் சான்றிதழ் நகல் ஆகியவை ஓட்டுநர் அறையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

10. செலவும் நாட்களும்

ஆய்வாளரின் கட்டணம்தான் இருப்பதிலேயே சிறிய செலவு. அதற்கு முன் கழுவுவதும், கழுவிய நீரை அபாயக் கழிவாக அகற்றுவதும், டேங்க் ஓடாமல் நிற்கும் நாட்களும்தான் பையைக் காலி செய்பவை. ஆகவே ஒருமுறை கழுவினால் உள் ஆய்வு, தடிமன், கசிவுச் சோதனை, வால்வு பழுது எல்லாவற்றையும் ஒரே நிறுத்தத்தில் முடித்துவிடுங்கள். எல்லாவற்றிலும் பெரியது மறு லைனிங். பழையதை உரிப்பது, மணல் பீச்சித் தேய்ப்பது, ஒட்டுவது, வேகவைத்து இறுக்குவது என்று வாரக்கணக்கில் போகும். பழைய டேங்க் விலை பேசும்போது லைனிங்கின் வயதைக் கேட்டு, அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

இடைவெளிகள்: ஏ.டி.ஆர். நிலையான டேங்குகளுக்கு ஆறு ஆண்டுக்கு ஒரு முழு ஆய்வு, நடுவில் மூன்று ஆண்டில் ஒன்று. ஐ.நா. டேங்க் கொள்கலன்களுக்கு ஐந்தும் இரண்டரையும். அமெரிக்காவில் வெளி ஆய்வும் கசிவுச் சோதனையும் ஆண்டுதோறும், அழுத்தச் சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. தடிமனும் லைனிங்கும் மேலே சொன்னபடி. சுவரில் அரிப்போ சேதமோ கண்ணில் பட்டால் ஐ.நா. கொள்கலனுக்கு நாள் வரும்வரை காத்திருக்காமல் சிறப்பு ஆய்வு செய்ய வேண்டும்.

கொள்கலன் பயணத்தில் இருக்கும்போதே ஆய்வு நாள் தாண்டினால் பதற வேண்டாம். நாள் முடிவதற்கு முன் நிரப்பப்பட்டிருந்தால், முடிந்த பின் மூன்று மாதம் வரை கொண்டுபோக அனுமதி உண்டு. நாள் கடந்த பிறகு நிரப்பத்தான் கூடாது. காலியான, கழுவாத கொள்கலனைச் சோதனைக்காகக் கொண்டுபோவதற்கும் தடையில்லை. நாள் நெருங்கும் டேங்குக்கு முதலில் கழுவும் நிலையத்தில் இடம் பிடியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வரிசை நீளும். அது உறுதியான பிறகு ஆய்வாளரை அழைத்தால் போதும்.